சூடம் சாய்ந்த பக்கம்

பழைய டூ-ஸ்ட்ரோக் ஜீப்புகளைத் தோப்பிலிருந்தும் கொட்டகையிலிருந்தும் தோண்டியெடுத்து ஓட்ட வைக்கிற பிள்ளைகள் நீங்கள். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டீர்கள். காலையில் கண்ணைத் திறந்தால் போன் முழுக்க வீடியோ. எஞ்சின் பிடிக்கிற வீடியோ, புகை கக்குகிற வீடியோ, கைதட்டல், விசில். சந்தோஷம்தான். ஆனால் நான் அந்த வீடியோக்களில் எஞ்சினைப் பார்ப்பதில்லை. வண்டிக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.

போன வாரம் ஒரு தம்பி போட்டிருந்தான். வண்டிக்குப் பின்னால் அவன் அம்மா, கையில் காபி டம்ளரோடு, மகனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டேன். "அம்மாவை அங்கே நிறுத்தாதே" என்று எழுதினேன். ஆளுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை போட்டீர்கள். "ஐயா, கியர் முன்னால்தான் விழுந்திருக்கு" என்று ஒருவன் விளக்கம் வேறு. எனக்கே கியர் சொல்லிக் கொடுக்கிறான். நல்லா இருங்கப்பா.

பட்டுக்கோட்டையில் பட்டறை வைத்திருந்தபோது எனக்குப் பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளி மேஸ்திரி. வைத்தவர் காதர் பாய். அதிராம்பட்டினத்துக்காரர், ஆட்டோ எலக்ட்ரீஷியன், வயரைக் கையில் எடுத்தால் பாம்பு பிடிக்கிறவன் மாதிரி இழுத்து வெளியே போடுவார். நான் எஞ்சின், அவர் வயரிங், ஒரே கூரை. "நம்ம மேஸ்திரி ஸ்பானரைத் தொடுறதுக்கு முன்னாடி ஸ்பானர்கிட்ட அனுமதி கேப்பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்குப் பயம்தான். அந்தப் பயம் ஒரு நாள் என்ன செய்தது என்பதை எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் எத்தனை பொம்மை வேண்டுமானாலும் போடுங்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. எந்தப் பக்கம் முதல் உதை விழுகிறதோ அந்தப் பக்கம் சுற்றும். பேட்டரி சோர்ந்திருக்கும்போது ஸ்டார்ட்டர் அரைச் சுற்று சுற்றி நிற்கும். அந்த நேரம் பார்த்துப் பொறி விழுந்தால் பிஸ்டன் வந்த வழியே திரும்பும். திரும்பினது திரும்பினதுதான், அப்படியே தலைகீழாக ஓட ஆரம்பிக்கும். சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், அவ்வளவுதான். மற்றபடி சமத்தாக நின்ற இடத்தில் ஓடும். முதல் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டால் வண்டி பின்னால் பாயும்.

இதை நான் முதலில் பார்த்தது பஸ் ஸ்டாண்டில், ஒரு பழைய ஆட்டோவில். கல்யாணத்துக்குப் போகிற குடும்பம் ஏறி உட்கார்ந்திருந்தது. டிரைவர் லீவரை இழுத்தார், கியரைப் போட்டார், ஆட்டோ பின்னால் போய்ப் பூக்காரம்மாவின் கூடையில் ஏறியது. மல்லிகை, கதம்பம் எல்லாம் ரோட்டில். பூக்காரம்மா வாயில் வந்ததையெல்லாம் நான் எழுத முடியாது. டிரைவர் கியர் பாக்ஸ் போச்சே என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்து கொடுத்தேன், சமர்த்தாக முன்னால் போனது. நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த விஷயத்தில் நான் சிரித்தது அதுதான் கடைசி.

மாணிக்கம் என்று ஒருவர். ஒரத்தநாட்டுப் பக்கம், புது ஆறு என்று நாங்கள் சொல்கிற கால்வாயின் கரையில் ஊர். இருபது வருஷத்துக்கு மேல் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர் அப்பா தோப்புக்குள் தேங்காய் ஏற்றுவதற்காக ஒரு குட்டி ஜீப் வைத்திருந்தார். மூன்று சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சேறு, வரப்பு, வாய்க்கால் எதையும் சட்டை பண்ணாது. பெரிய புயலில் தோப்பு சாய்ந்தபோது அதன் மேல் தென்னை மரம் விழுந்து, வண்டி அப்படியே கிடந்தது. மாணிக்கம் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் இறக்கினார்.

"அண்ணே, எனக்குப் பேரப்பிள்ளை பொறக்கப் போவுது. அது இந்த வண்டியில ஏறணும்" என்றார்.

காதர் பாய் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "பேரப்பிள்ளை காலேஜ் போறப்போ ரெடி ஆயிடும்" என்றார்.

அதை எப்படிச் சரி செய்தோம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலைதான், விடுங்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். எங்கே தேடியும் கிடைக்காத ஒரு கியர் பாக்ஸ் புஷ்ஷை, வெண்கல வளையம்தான், சுவாமிமலையில் சிலை வார்க்கிற ஒருவரிடம் கொடுத்து வார்த்து வாங்கினோம். அவர் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்தச் சாமிக்கு, எந்த இடத்துல வரும்?" என்று கேட்டார். காதர் பாய் கொஞ்சமும் யோசிக்காமல் "கியர் சாமிக்கு, இடுப்புல" என்றார்.

வண்டி ஓடியது. ஆனால் மாணிக்கத்துக்கு ஓட்ட வரவில்லை. சிங்கப்பூரில் ஓட்டியதெல்லாம் கிளட்ச் இல்லாத வண்டி. இடது காலுக்கு வேலையே இல்லாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டது. டிரையலுக்குத் தோப்புப் பாதையில் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு ஆடு குறுக்கே வந்தது. "பாத்து!" என்று கத்தினேன். அவர் பதறி இரண்டு காலையும் தூக்கிவிட்டார். வண்டி தவளை மாதிரி ஒரே தாவு. ஆடு தப்பியது, என் நெற்றி கண்ணாடியில் இடித்தது. சற்று தூரம் போனதும் ஒரு மோட்டார் பைக் ஹாரன் அடித்தது, மறுபடி அதே தாவு. திடுக்கிட்டால் இந்த மனிதர் காலைத் தூக்குகிறார் என்று அப்போதே மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன். அப்படி முடிந்துவைத்தது வீண் போகவில்லை.

அந்தக் குடும்பத்தில் எந்த வண்டி வாங்கினாலும் முதலில் குலதெய்வம் முனீஸ்வரர் கோயிலில் நிறுத்தித்தான் எடுப்பார்கள். கோயில் புது ஆற்றங்கரையில் இருக்கிறது. வண்டியைச் சாமிக்கு நேர் எதிரே நிறுத்த வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். பூசாரி வண்டி முகப்பில் சூடம் காட்டி நகர்ந்ததும் வண்டி முன்னால் போய்ப் பழத்தை நசுக்க வேண்டும். இது எல்லா ஊரிலும் உள்ளதுதான். இந்தக் கோயிலில் கூடுதலாக ஒரு கட்டு உண்டு. முனியின் பார்வைக்கும் வண்டிக்கும் குறுக்கே பூசாரியைத் தவிர ஒரு ஈ காக்கை நிற்கக் கூடாது. பக்கவாட்டில் ஒரு பக்கம் வேலும் மணியும் நட்ட மேடை, மறுபக்கம் மடப்பள்ளிச் சுவர். ஆகவே சனம் மொத்தமும் வண்டிக்குப் பின்னால்தான் நிற்கும். அதற்கும் பின்னால் படித்துறை. மேட்டூர் அணை திறந்து ஆறு நிறைய ஓடிக்கொண்டிருந்தது, மேல் படி ஒன்று இரண்டுதான் வெளியே தெரிந்தது.

நாங்கள் போய்ச் சேரும்போதே ஜீப்புக்குச் சந்தனம், மாலை, இரண்டு பக்கமும் வாழைக்கன்று. மாணிக்கத்தின் மச்சான் காலையிலிருந்து வண்டியின் பேட்டரியிலேயே சீரியல் லைட்டும் ஸ்பீக்கரும் மாட்டிப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். காதர் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது.

"பேட்டரின்னா என்ன கல்யாண மண்டபமா? கழட்டுங்க மச்சான், கழட்டுங்க!"

"நல்ல காரியத்துல பாட்டு இல்லாம எப்படி பாய்?"

"வண்டி ஸ்டார்ட் ஆவலன்னா நீங்கதான் பாடணும்."

வயரைக் கழற்றினோம். ஆனால் பேட்டரி பாதி உயிராய்க் கிடந்தது. என் ஆம்னி வேனில், இன்னொரு பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கிற கேபிள் இருந்தது. எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் கயலைப் பார்த்தேன்.

கயல் மாணிக்கத்தின் ஒரே மகள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்த பெண். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். ஜீப்புக்கு நேர் பின்னால், படித்துறை விளிம்பில், புங்கமர நிழலில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் ஒரு சாண் தரை, அதற்கு அப்புறம் தண்ணீர்.

"அம்மா கயலு, கொஞ்சம் அந்தச் சொவத்துப் பக்கம் வந்து உக்காரும்மா" என்றேன்.

"அங்க வெயிலு மண்டையப் பொளக்குது பெரியப்பா."

"வண்டிக்குப் பின்னாடி உக்காரக் கூடாதும்மா."

"வண்டி முன்னாலதானே போவப் போவுது?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். மாணிக்கத்தின் மனைவி மல்லிகா, "அண்ணனுக்கு எல்லாத்துக்கும் பயம். புள்ளத்தாச்சிய வெயில்ல உக்காரச் சொல்றாங்க பாரேன்" என்றார். கேபிளை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், பேட்டரி தெம்பாக இருந்தால் எஞ்சின் ஒழுங்காகப் பிடிக்கும் என்று வேனை நோக்கி நடந்தேன்.

பாதி தூரம் போகவில்லை, பூசாரி நல்ல நேரம் முடியப்போகிறது என்று குரல் கொடுத்தார். உறுமி மேளம் கிளம்பியது. மாணிக்கம் எனக்காகக் காத்திருக்காமல் சாவியைத் திருப்பினார்.

அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. உர்ர், உர்ர் என்று இரண்டு முனகல், ஒரு தடுக்கல், பிறகு எஞ்சின் பிடித்தது. கூட்டம் குலவை போட்டது. பட்டாசைக் கொளுத்தினார்கள். "புடிச்சிருச்சு!" என்று காதர் பாய் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார். எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குள் மேளமும் வெடியும் எஞ்சின் சத்தத்தை மூடிவிட்டன. கேபிள் எடுக்கப் போகாமல் அப்படியே திரும்பி வந்தேன்.

பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி ஜீப்பின் முகப்புக்குக் கொண்டுபோனார். மூன்று சுற்று சுற்றிவிட்டுத் தட்டை ரேடியேட்டருக்கு நேரே பிடித்தார். பிடித்தவர் சட்டென்று கையைப் பின்னால் இழுத்தார். சுடர் அவர் பக்கம் சாய்ந்து கையைச் சுட்டுவிட்டது. மறுபடி பிடித்தார். மறுபடி அவர் பக்கமே சாய்ந்தது.

ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் இருக்கிறது, பெல்ட்டில் ஓடுவது. அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். முகப்பில் பிடித்த சூடம் வண்டிக்குள் சாய வேண்டும். இது வெளியே தள்ளுகிறது. ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. ஃபேன் தலைகீழ் என்றால் எஞ்சின் தலைகீழ்.

ஆற்றுக் காற்றாக இருக்கலாம் என்று ஒரு நொடி மனம் சமாதானம் சொல்லிப் பார்த்தது. வாழைக்கன்றைப் பார்த்தேன். இலை ஆடவில்லை. புங்கமரத்திலும் அசைவு இல்லை. அது ஃபேன் காற்றுதான்.

மாணிக்கத்தைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பூசாரியின் தலையசைப்புக்குக் காத்திருந்தார். முதல் கியர் விழுந்திருந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டிருந்தார். எஞ்சின் அணைந்துவிடக் கூடாது என்று ஆக்ஸிலேட்டரை வேறு லேசாக மிதித்துக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கும் கயலுக்கும் நடுவே இருந்ததெல்லாம் கிளட்ச்சின் மேல் இருந்த அந்த ஒரு கால்தான். அந்தக் கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கத்துவீர்கள். எனக்கும் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தும் விட்டேன். அப்போது அந்த ஆடு ஞாபகம் வந்தது. நான் கத்தினால் இவர் திடுக்கிடுவார். திடுக்கிட்டால் காலைத் தூக்குவார். யாரைக் காப்பாற்றக் கத்துகிறேனோ அவள் மேலேயே வண்டி ஏறும். பின்னால் போய்ச் சனத்தை விரட்டலாமா என்றால், அவர்கள் கூச்சல் போடுவார்கள், இவர் திரும்பிப் பார்ப்பார், அதுவும் அதே கதை. ஓடவும் முடியாது. நான் ஓடி வருவதைப் பார்த்தாலே அவருக்குக் கை கால் உதறும். பூசாரி தட்டோடு விலகத் திரும்பினார். விலகித் தலையை அசைத்தால் முடிந்தது.

நடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டேன். அது என்ன லட்சணத்தில் இருந்ததோ, முனிக்குத்தான் தெரியும். டிரைவர் பக்கம் போய்க் குனிந்தேன். டேஷ்போர்டில் சார்ஜ் லைட் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. எஞ்சின் ஒழுங்காகச் சுற்றினால் அது அணைந்திருக்க வேண்டும். எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

எஞ்சின் தலைகீழாக ஓடுகிறது தம்பி என்று சொன்னால் அவருக்குப் புரியாது. "என்னண்ணே?" என்று திரும்புவார். கால் என்ன செய்யும் என்று யார் கண்டது? புரிய வைக்கிற நேரமா அது? அவர் மறுபேச்சில்லாமல் கேட்கிற வார்த்தை ஒன்று வேண்டும். எனக்கு எப்படி வந்ததோ, அவர் தோளில் கையை வைத்து, காதோடு, சாதாரணமாகச் சொன்னேன்.

"தம்பி, சாமி இன்னும் உத்தரவு குடுக்கல. கிளட்ச்ச அப்படியே அமுக்கி மிதிச்சுக்குங்க. காலை எடுக்கக் கூடாது."

"அப்படியா?" என்றார். கால் தரை தட்ட அமுங்கியதை நான் பார்த்தேன். இன்னொரு கையை நீட்டிச் சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு துள்ளு துள்ளிவிட்டு நின்றது. ஹேண்ட் பிரேக்கை நானே இழுத்தேன். கியரை நானே நியூட்ரலில் தள்ளினேன்.

மேளம் நின்றுபோனது. பூஜை நடுவில் வண்டி அணைவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மல்லிகா கண் கலங்கிவிட்டார். "ஏண்ணே, எதுக்கு நிறுத்துனீங்க? என் பொண்ணு மாசமா இருக்கிற நேரத்துல..." என்று வாயைப் பொத்திக்கொண்டார். மச்சான் என்னை அடிக்கவே வந்துவிட்டார். பூசாரி தட்டோடு வந்து என் முன்னால் நின்றார்.

"உத்தரவு வரலன்னு மாணிக்கத்துக்கிட்ட சொன்னீங்களாமே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கையைக் காட்டினேன். கட்டைவிரல் பக்கம் சிவந்திருந்தது.

"சூடம் எந்தப் பக்கம் சாஞ்சுது பூசாரி?"

அவர் கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், திரும்பிச் சாமியைப் பார்த்தார். முகம் மாறியது. கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்.

"மேஸ்திரி சொல்றது சரிதான். சூடம் ரெண்டு தடவை என் பக்கம் வந்துச்சு. முனி மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. என்ன கொறைன்னு தெரியல."

விட்டேனா நான். "பின்னாடி நிக்கிறதுதான் கொறை. வண்டிக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கக் கூடாது, எல்லாரும் மடப்பள்ளிச் சொவத்தோரம் வாங்க!" என்றேன். குரல் உடைந்து கீச்சென்று வந்தது. சாமி குறை என்றதும் அத்தனை பேரும் நகர்ந்தார்கள். கயல் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வளையல் குலுங்க நடந்து போய்ச் சுவரோரம் வெயிலில் நின்றாள். அவள் அங்கே போய்ச் சேரும் வரை நான் ஹேண்ட் பிரேக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

வேனிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தோம். எஞ்சின் சுத்தமாகப் பிடித்தது, சிவப்பு லைட் அணைந்தது. பூசாரி புதுச் சூடம் ஏற்றிக் கொஞ்சம் பயத்தோடு தூரத்திலிருந்தே நீட்டினார். சுடர் மாலைக்கு நடுவே வண்டிக்குள் வளைந்தது. "உத்தரவு ஆச்சு!" என்று கத்தினார். மாணிக்கம் கிளட்ச்சை விட்டார், எப்போதும் போல ஒரு தாவு, பழம் நசுங்கியது, குலவை.

நான் புங்கமரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். காதர் பாய் வந்தார். ஏதோ கிண்டல் செய்யத்தான் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், காலியாகக் கிடந்த சிவப்பு நாற்காலியைப் பார்த்தார்.

"தலைகீழாவா சுத்துச்சு மேஸ்திரி?"

தலையை ஆட்டினேன். "யா அல்லாஹ்" என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

கொஞ்ச நாள் கழித்து மாணிக்கம் அதே ஜீப்பில் பட்டறைக்கு வந்தார். "அண்ணே, நெசமாச் சொல்லுங்க. அன்னைக்கு உங்களுக்கு சாமி வந்துச்சா?"

சொல்லிப் புரியாது என்று செய்தே காட்டினோம். பட்டறைக்குப் பின்னால் காலி இடத்தில் ஜீப்பை நிறுத்தினேன். பின்னால், அன்றைக்கு இருந்த அதே தூரத்தில், ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டேன். காதர் பாய் எஞ்சினைத் தலைகீழாகப் பிடிக்க வைத்தார். எப்படி என்று எழுத மாட்டேன், நீங்கள் செய்து பார்ப்பீர்கள். மாணிக்கத்தைச் சுவரோரம் நிறுத்திவிட்டு நானே ஏறினேன். முதல் கியர் போட்டேன். திடுக்கிட்டவர் தூக்குகிற மாதிரி காலைத் தூக்கினேன்.

நாற்காலி இருந்த இடத்தில் இல்லை. வண்டிக்கு அடியில் சடசடவென்று நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிரேக் போட்டு இறங்கியபோது மாணிக்கம் மண்டியிட்டு, உடைந்த கால்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எதற்குப் பொறுக்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. கடைசியில், "இத கயலுகிட்டயும் அவ அம்மாகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே" என்றார். சொல்லவில்லை. அதற்காகத்தான் இங்கே பெயர்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.

பயப்படாதே, தைரியமாக இரு என்று உங்களுக்கு எல்லோரும் சொல்வார்கள். நான் அதைச் சொல்ல மாட்டேன். நன்றாகப் பயப்படுங்கள். பயந்ததால்தான் நான் சுடரைப் பார்த்தேன், வாழை இலையைப் பார்த்தேன், ஒருத்தரின் இடது கால் எப்படிப்பட்டது என்று தெரிந்துவைத்திருந்தேன். ஆனால் உங்கள் பயத்தை எடுத்து ஸ்டியரிங்கில் இருக்கிறவன் மேல் கொட்டாதீர்கள். அவன் கையில்தான் வண்டி இருக்கிறது. அந்த நேரத்தில் அவன் காதில் ஏறுகிற பேச்சு எதுவோ அதைப் பேசுங்கள், விளக்கத்தை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கோயிலில் இப்போது புது வழக்கம் வந்துவிட்டது. பூசாரி எந்த வண்டிக்கும் முகப்பில் சூடம் பிடித்து, சுடர் உள்ளே சாய்ந்தால்தான் உத்தரவு என்கிறார். பின்னால் ஒருவரையும் நிற்க விடுவதில்லை. புதுக் கார்களில் ஃபேன் தேவைப்பட்டால்தான் ஓடும், சுடர் நேராக நிற்கும். "முனி யோசிக்கிறாரு, இருங்க" என்று அத்தனை பேரையும் வெயிலில் காக்க வைக்கிறாராம். நான் போய்த் திருத்தவில்லை. யோசிக்கட்டும், நல்லதுதான்.

கயலுக்குப் பெண் குழந்தை. இப்போது ஓடித் திரிகிற வயது. என்னைக் கண்டால் வந்து காலைக் கட்டிக்கொள்வாள். போன மாசம் அவர்கள் தோப்புக்குப் போயிருந்தேன். மாணிக்கம் ஜீப்பை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். குழந்தை பந்தை எடுக்க வண்டிக்குப் பின்னால் ஓடியது. ஸ்டியரிங்கில் ஆள் இல்லை, கியரும் விழவில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நான் போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கையெல்லாம் பறந்தது. குழந்தை பந்தைப் போட்டுவிட்டு வீறிட்டு அழுதது. மாணிக்கம் என்னைப் பார்த்தார், போய் எஞ்சினை அணைத்தார்.

கயல் ஓடி வந்து குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என்ன பெரியப்பா, இப்படியா கத்துறது? புள்ள பயப்படுதுல்ல?"

"பயப்படட்டும்மா" என்றேன்.